புரூஸ் லீ என்றாலே சாவுக் கதைதானா?

கேள்வி:
புரூஸ் லீயைப் பற்றி எதைத் தேடினாலும் சாபம், விஷம், மர்ம அடி என்று மரணக் கதைதான் வந்து விழுகிறது. 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் மூளை வீக்கத்தால் இறந்தார், வயது 32. உடலில் வெளிக்காயம் இல்லை என்று பரிசோதனையே சொன்ன பிறகும் என்ன துப்பறிதல்? சண்டையில் அவர் கால் வைத்து நிற்கும் விதத்தைப் பற்றிப் பேச இங்கே ஆளில்லையா?

பதில் 1:
இருக்கிறோம். வலக்கை, வலக்கால் இரண்டையும் முன்னே வைத்து நிற்பார். வலுவான கை எதிராளிக்குப் பக்கத்தில் இருந்தால் அடி சீக்கிரம் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. பின்கால் குதிகாலைக் கவனியுங்கள், சற்றே எழும்பியிருக்கும். வாள்வீச்சு விளையாட்டிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டவர். கண்ணாடி முன் நின்று பாருங்கள், கெண்டைக்கால் உடனே புகார் சொல்லும்!

பதில் 2:
வலிமாத்திரை ஒவ்வாமை என்று அன்றைய விசாரணையில் சொன்னார்கள். மருத்துவர்கள் இன்னும் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். கேட்பதில் என்ன தவறு?

கேட்டவர்:
மருத்துவர்கள் தாராளமாகப் பேசட்டும். சாபம் என்பவர்களோடுதான் என் சண்டை. 1993இல் மகன் பிராண்டன் படப்பிடிப்புத் துப்பாக்கி விபத்தில் இறந்ததையும் அதே கணக்கில் எழுதிவிட்டார்களே! அங்கே நடந்தது கவனக்குறைவு. சரி, அந்தக் குதிகால் விஷயத்தை இன்னும் கொஞ்சம் விளக்குங்கள்.