பெரிய வீடு குரூப்: ஃபோர்டு வருது, கார் வராது

31 அக்டோபர் 2025, வெள்ளி

மாலை 6:42

கார்த்தி: ஃபோர்டு கன்ஃபார்ம்! மூடிக் கிடந்த மறைமலை நகர் ஃபேக்டரிக்கு இன்னிக்கு எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) கையெழுத்தாயிடுச்சு. 3,250 கோடி.

அத்தை: நல்ல சேதி. திரும்பவும் ஈகோஸ்போர்ட் வருமாடா?

கார்த்தி: கார் இல்ல அத்தை. இன்ஜின் மட்டும்தான். வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், ஏற்றுமதிக்கு. உற்பத்தி தொடங்கறது 2029ல.

மாமா: 2029ஆ? அதுக்கா இவ்ளோ ஆச்சரியக்குறி?

மாமா: போன வருஷம் செப்டம்பர்ல முதல்வர் ஸ்டாலின் சிகாகோ போனாரு. அப்பவே ஃபோர்டு வந்துட்டா மாதிரி போஸ்டர் ஒட்டினாங்க. இப்பதான் எம்ஓயுவே போட்டிருக்கு. இன்ஜினுக்கு இன்னும் நாலு வருஷம்.

விக்கி: 600 பேருக்குத்தான் வேலையாம் 😐

அப்பா: (ஃபார்வர்டு செய்யப்பட்டது) முதலீட்டில் முதலிடம்! உலகமே வியக்கும் தமிழ்நாடு! அனைவருக்கும் பகிரவும்!

மாமா: மச்சான், இதை நீங்க படிச்சுட்டுத்தான் அனுப்புறீங்களா?

அப்பா: இல்ல மாப்பிள்ளை. வாக்கிங் குரூப்ல வந்துச்சு.

பெரியப்பா: மாப்பிள்ளை, சிகாகோவில் அன்று நடந்தது எம்ஓயு அல்ல. முதல்வர் ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்தார். சில நாளில், 2024 செப்டம்பர் 13 அன்று, அந்த ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு அரசுக்கு ஒரு விருப்பக் கடிதம் மட்டும் கொடுத்தது.

பெரியப்பா: கடிதத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் ஓராண்டு என்பது தொழில் துறையில் அதிகமே இல்லை. நான் ஆபீஸில் இருந்த காலத்தில் ஒரு நிலக் கோப்பு அதைவிட நாள் எடுக்கும்.

மாமா: அப்ப அந்த ஒரு வருஷமும் போஸ்டர் ஒட்டாம இருந்திருக்கலாமே மச்சான்.

பெரியப்பா: அது நியாயம்.

அத்தை: அண்ணே நியாயம்னு ஒத்துக்கிட்டாரு. இந்த மெசேஜை யாராவது ஸ்டார் போட்டு வைங்க.

மாமா: சரி, செப்டம்பர்ல ஜெர்மனி, லண்டன் போனாரே. 33 எம்ஓயு, 15,516 கோடி. அதுல 7,500 கோடி யாரு? ஹிந்துஜா. அசோக் லேலண்ட் ஓனர். லேலண்ட் எங்க இருக்கு? எண்ணூர்ல. எண்ணூர்ல இருக்கறவன்கிட்ட கையெழுத்து வாங்க லண்டன் போகணுமா?

விக்கி: 😂😂

விக்கி: மாஸ் பா

நித்யா: மாமா கேக்கறது சரியான கேள்விதான். ஆனா அதே கேள்வியை எல்லா மாநிலத்தையும் கேக்கணும். இந்த வருஷம் ஜனவரில மகாராஷ்டிரா முதல்வர் தாவோஸ்ல 15.70 லட்சம் கோடிக்கு எம்ஓயு போட்டாரு. அதுல பாதிக்கு மேல நம்ம நாட்டுக் கம்பெனிங்க. மும்பைல ஆபீஸ் வெச்சிருக்கறவங்க சுவிட்சர்லாந்து பனில போய் மகாராஷ்டிராவோட கையெழுத்து போடறாங்க.

நித்யா: சந்திரபாபு நாயுடு அதே தாவோஸுக்குப் போய் எம்ஓயுவே போடாம திரும்பினாரு. போட்டோ கம்மி, திட்டு ஜாஸ்தி. ஒன்பது மாசத்துல விசாகப்பட்டினத்துக்கு கூகுள், 15 பில்லியன் டாலர்.

மாமா: அதைத்தான் நானும் சொல்றேன்! கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை நம்ம ஊர்க்காரரு. டேட்டா சென்டர் ஆந்திராவுக்குப் போகுது.

கார்த்தி: மாமா, சொந்த ஊர்னு பாத்து எந்த கம்பெனி முதல் போடுது? கரன்ட் என்ன ரேட்டு, கடலுக்கடி கேபிள் எங்க வருது, நிலம் எவ்ளோ சீக்கிரம் கைக்கு வரும், இதத்தான் பாப்பாங்க. நான் பர்ச்சேஸ்ல இருக்கேன், 40 பைசாவுக்கு சப்ளையரை மாத்தறோம் நாங்க.

இரவு 7:15

நித்யா: ஏற்கெனவே இங்க இருக்கற கம்பெனியை ஏன் வெளிநாட்டுல போய்ப் பாக்கணும்னு மாமா கேட்டாரு இல்ல, எங்க ஆடிட் க்ளையன்ட்ஸ் பக்கமிருந்து பாத்ததைச் சொல்றேன். இங்க இருக்கற எம்.டி.க்கு ஒரு அளவுக்கு மேல செலவு பண்ண அதிகாரம் கிடையாது. அடுத்த ஃபேக்டரி சென்னையா, புனேயா, வியட்நாமான்னு முடிவாகறது தலைமை ஆபீஸ் போர்டு ரூம்ல. அங்க இந்தியாவுக்குப் பேச ஆள் இருந்தாலும் தமிழ்நாட்டுக்குன்னு ஆள் இருக்காது. முதல்வர் நேர்ல போனா, ஆறு மாசமா மெயில்ல தொங்கிட்டிருக்கற விஷயத்துக்கு அவங்க தலைவர் ஒரு மணி நேரம் உக்காருவாரு. ஸ்பெயின்ல ரோக்கா 400 கோடிக்குப் போட்டதும் அப்படித்தான். பெருந்துறை, ராணிப்பேட்டைல அவங்க ஃபேக்டரி ஏற்கெனவே ஓடுது.

நித்யா: ஹிந்துஜாவுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அதுல மாமா பக்கம்தான் நான்.

மாமா: பதிவு செய்யப்பட்டது 🙏

பெரியப்பா: ஆனால் மாப்பிள்ளை, 2019இல் எடப்பாடியாரும் இங்கிலாந்து, அமெரிக்கா, துபாய் போனார். 8,835 கோடி, 41 நிறுவனங்கள் என்று அறிவித்தார். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்து வெள்ளை அறிக்கை கேட்டவர் யார்?

மாமா: ஸ்டாலின்.

பெரியப்பா: இப்போது வெள்ளை அறிக்கை கேட்பவர்?

மாமா: எடப்பாடி. புரியுது மச்சான். ஆனா ரெண்டு தடவையும் கேட்டது சரியான கேள்விதானே? ஆளுங்கட்சி ஆனதும் ஏன் யாருமே தர்றதில்ல?

கார்த்தி: நெத்தியடி

அத்தை: கோட்டு சூட்டைப் பத்தி மட்டும் ரெண்டு கட்சிக்காரங்களும் மாத்தி மாத்திப் பேசுவாங்க. 2019ல அவரு கோட்டு, இப்ப இவரு கோட்டு. அங்க குளுருக்கு வேட்டியா கட்டிட்டுப் போவாங்க?

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: என்னங்க அழிச்சீங்க?

மாமா: ஒண்ணுமில்ல.

விக்கி: அக்கா, ஒரு டவுட். 3,250 கோடி போட்டு 600 பேர்தானா? ஒருத்தருக்கு 5 கோடிக்கு மேல ஆகுதே?

நித்யா: குரூப்லயே உருப்படியான கேள்வி இதான் விக்கி. கணக்கு போட்டுப் பாரு. ஃபோர்டு இன்ஜின், ஒரு வேலைக்கு 5.4 கோடி. ஜெர்மனில க்னோர் பிரெம்ஸ் 2,000 கோடி, 3,500 வேலை. ரயில் பிரேக், ரயில் கதவு பண்றவங்க. ஒரு வேலைக்கு 57 லட்சம்தான். உளுந்தூர்பேட்டைல வர்ற தைவானோட பௌ சென் ஷூ கம்பெனி, 2,302 கோடிக்கு 20,000 வேலை. ஒரு வேலைக்குப் பதினொண்ணரை லட்சம்.

நித்யா: அதனால "எத்தனை கோடி"ன்னு வர்ற தலைப்புச் செய்தியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டுல சிங்கப்பூர் செம்ப்கார்ப் 36,238 கோடி. பசுமை ஹைட்ரஜன். வேலை 1,511. ஒரு வேலைக்கு 24 கோடி!

விக்கி: அப்ப ஷூ கம்பெனிதான் பெஸ்ட்டா?

கார்த்தி: சம்பளத்தைப் பாத்துட்டுச் சொல்லு.

நித்யா: பெஸ்ட்னு ஒண்ணு இல்லடா. ஷூ ஃபேக்டரிக்கு கள்ளக்குறிச்சிப் பொண்ணுங்க போவாங்க, ஊரை விட்டு வராமலே மாசச் சம்பளம். இன்ஜின் ஃபேக்டரிக்குள்ள 600 பேர்தான், ஆனா வெளியில காஸ்டிங், ஃபோர்ஜிங், மெஷினிங்னு கார்த்தி மாதிரி கம்பெனிங்க ஓடும். ரெண்டும் வேணும். ஒரே தராசுல போட்டு நிறுக்கறதுதான் தப்பு.

கார்த்தி: இன்னொண்ணு. ஃபோர்டுக்கு தமிழ்நாட்டுல ஆபீஸ் வேலைல மட்டும் ஒரு 12,000 பேர் இருக்காங்கன்னு போன வருஷமே அவங்க அறிவிப்புல இருந்துச்சு. ஃபேக்டரி மூடியிருந்தப்பவும் அவங்க இங்கதான் இருந்தாங்க. விக்கி, நீ கம்ப்யூட்டர் சயின்ஸ். உனக்கு அந்தக் கதவுதான்.

இரவு 8:03

மாமா: சாப்பிட்டு வந்துட்டேன். நானும் ஒரு கணக்கு போட்டேன், நித்யா சரி பாரு. துபாய், சிங்கப்பூர்–ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா, நாலு பயணமும் சேர்ந்து 18,498 கோடின்னு அரசே சொல்லியிருக்கு. ஜெர்மனி, லண்டன் 15,516. மொத்தம் 34,014 கோடி. நந்தம்பாக்கத்துல நடந்த அந்த உலக முதலீட்டாளர் மாநாட்டுல ரெண்டே நாள்ல 6,64,180 கோடி. அஞ்சு பயணமும் சேர்ந்தே அதுல இருபதுல ஒரு பங்குதான். பேசாம நந்தம்பாக்கத்துலயே ஏசி போட்டு உக்காந்திருக்கலாம்ல?

நித்யா: கணக்கு சரி மாமா. சூப்பர்.

நித்யா: ஆனா நந்தம்பாக்கத்துக்கு அவங்களை யாரு கூப்பிட்டா? 2023 மே மாசம் சிங்கப்பூர், ஜப்பான் போனதே முக்கியமா அந்த மாநாட்டுக்கு அழைக்கத்தான். அந்தப் பயணத்துல செம்ப்கார்ப் ஆளுங்களைப் பாத்தாரு. எட்டு மாசம் கழிச்சு நந்தம்பாக்கத்துல 36,238 கோடி கையெழுத்தாச்சு. பயணக் கணக்குல அது வராது, மாநாட்டுக் கணக்குல வரும். பயணத்தோட பலனைப் பயணத்தோட எம்ஓயுவை மட்டும் வெச்சு அளக்க முடியாது. அரசாங்கமே அப்படி அளந்து காட்டுது, அதான் கொடுமை.

பெரியப்பா: நித்யா சொல்வதோடு ஒன்று. எம்ஓயு என்பது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. கல்யாணத்துக்கு முன் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது போலத்தான். அதற்குப் பிறகு அரசின் தொழிற்பேட்டையான சிப்காட்டில் நிலம் ஒதுக்க வேண்டும், சலுகைக்கு அரசாணை வர வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, மின் இணைப்பு. இதையெல்லாம் பின்தொடரத்தான் தமிழக அரசின் 'கைடன்ஸ்' நிறுவனம். 1992லிருந்து இருக்கிறது. ஜப்பானுக்குத் தனி ஆள், தைவானுக்குத் தனி ஆள் என்று வைத்திருக்கிறார்கள். செய்தியில் அவர்கள் முகம் வராது.

மாமா: சலுகைன்னா நம்ம வரிப்பணம்தானே?

நித்யா: ஆமா. பத்திரச் செலவு விலக்கு, மின் வரி விலக்கு, முதலீட்டு மானியம். பின்தங்கின மாவட்டத்துக்குப் போனா சலுகை ஜாஸ்தி, நிலம் பாதி விலைக்குக்கூட கிடைக்கும். ஆனா மானியம் பெரும்பாலும் முதல் போட்டு, உற்பத்தி ஆரம்பிச்ச பிறகு தவணைல வரும். எம்ஓயு போட்ட அன்னிக்கே யாரும் மூட்டை கட்டிக்கிட்டுப் போகல. எந்தக் கம்பெனிக்கு மொத்தம் எவ்ளோ கொடுத்தோம், பதிலுக்கு எத்தனை வேலைன்னு ஒரே இடத்துல தொகுத்து வெளியிட்டா போதும், பாதிச் சண்டை ஓஞ்சிடும்.

கார்த்தி: இந்த மாசம், ஐபோன் பண்ற ஃபாக்ஸ்கான் கம்பெனி கூத்து பாத்தீங்கள்ல? 15,000 கோடி, 14,000 வேலைன்னு அறிவிப்பு. உடனே ஃபாக்ஸ்கான், முதல்வரைச் சந்திச்சப்போ புது முதலீடு எதுவும் பேசலன்னுச்சு. தொழில் அமைச்சர் டி.ஆர்.பி. ராஜா, இது ஒரு வருஷமா பேசிட்டிருந்தது, உறுதியாத்தான் இருக்குன்னாரு. ரெண்டு நாள் டிவில அதேதான் ஓடுச்சு.

மாமா: அங்கதான் நம்பிக்கை போகுது. நான் கட்சிக்காகச் சொல்லல.

அத்தை: கட்சிக்காகவும்தான் சொல்றீங்க.

மாமா: சரி, 60 சதவீதம் கட்சிக்காக.

பெரியப்பா: தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலையை மறந்துவிடக்கூடாது. 2024 ஜனவரியில் எம்ஓயு, பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலை திறப்பு. ஒன்றரை வருடம். என் சர்வீஸில் நான் இப்படிப் பார்த்ததில்லை.

மாமா: அது நல்ல வேலை. மறுக்கல.

மாமா: ஜப்பான்ல போட்ட ஓம்ரான், அந்த பிபி மெஷின் கம்பெனி?

கார்த்தி: 128 கோடி. பொன்னேரி பக்கத்துல மஹிந்திரா பார்க்ல இடம் வாங்கிக் கட்ட ஆரம்பிச்சாங்க. சின்ன தொகை, அதனால யாரும் போஸ்டர் ஒட்டல.

நித்யா: எனக்கு ஒரு ஐடியா. நானே ஒரு ஷீட் போடறேன். கம்பெனி, எந்த நாட்டுல கையெழுத்து, எத்தனை கோடி, எத்தனை வேலை, நிலம், அரசாணை, அடிக்கல், உற்பத்தி. எட்டு காலம் (பத்தி). செய்தில தேதியோட வந்ததை மட்டும் போடுவோம். ஃபார்வர்டு மெசேஜ் ஆதாரம் ஆகாது. அப்பா, உங்களுக்குத்தான்.

அப்பா: சரிம்மா.

மாமா: 2019ல இருந்து போடு. அந்த 41ஐ நான் தேடித் தர்றேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஓடாமல் போனதையும் எழுதுவீர்களா?

மாமா: எழுதுறேன் மச்சான். ஆனா இந்தப் பக்கம் ஓடாததை நீங்க எழுதணும்.

பெரியப்பா: டன். (இந்த வார்த்தை கார்த்தியிடம் கற்றது)

விக்கி: ஷூ கம்பெனிக்கும் ஒரு ரோ போடுக்கா. அது எந்த ஃப்ளைட்டும் ஏறாம வந்தது.

நித்யா: சென்னைலயே கையெழுத்து, ஏப்ரல் 2023. ஆனா நம்ம ஆபீசருங்க எத்தனை தடவை தைவான் போய்ட்டு வந்திருப்பாங்க? அதுக்கும் ஒரு காலம் வேணும் போல. ஒன்பது.

அத்தை: விக்கி, ஒன்பது காலம் அப்புறம் பாக்கலாம். திங்கக்கிழமை உனக்கு செமஸ்டர்.

விக்கி: (தம்ஸ் அப்)

மாமா: நித்யா, லிங்க் அனுப்பு. எடிட் பர்மிஷனோட.