கடிதம் இருந்தால் கையெழுத்து அசலா? பட்டவர்கள் சொல்லுங்கள்

கையுறைக்காரன்:
குத்துச்சண்டை வீரர் முகமது அலி கையெழுத்துப் போட்ட கையுறை, ஆன்லைன் ஏலத்தில் எடுத்தது. ஹாலோகிராம், நம்பர், சான்றுக் கடிதம் எல்லாம் இருந்தது. இரண்டு வருடம் கழித்து விற்கலாம் என்று கையெழுத்தைச் சோதிக்கும் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினால் போலி என்று திருப்பிவிட்டார்கள். முதல் கடிதத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். அடியில் எறும்பு எழுத்தில், இது எங்கள் கருத்து மட்டுமே என்று இருக்கிறது. ஏலக்காரரோ புகாருக்கான கெடு முடிந்துவிட்டது என்கிறார். கையுறை இன்னும் ஷோகேஸில்தான். வீட்டுக்கு வருபவர்கள் கேட்டால் 'ம்' என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுகிறேன்.

நடுநிசி கிடார்:
2022ல் வந்த அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் புத்தகம் ஞாபகம் இருக்கா? 900 பிரதி, ஒன்று சுமார் 600 டாலர், டிலனே கையால் கையெழுத்துப் போட்டது என்ற பதிப்பகத் தலைவரின் உறுதிக் கடிதத்தோடு வந்தது. நண்பர் தன் பிரதியைப் படம் எடுத்து அனுப்பினார், என்னுடையதன் மேல் போனில் வைத்துப் பார்த்தேன், சுழியும் கொக்கியும் மயிரிழை பிசகவில்லை. மெஷின் போட்ட கையெழுத்து! தலைசுற்றல், கொரோனா என்று காரணம் சொல்லி டிலன் மன்னிப்புக் கேட்டார், பணமும் திரும்பி வந்தது, சரி. அப்புறம் அந்த உறுதிக் கடிதத்தின் கையெழுத்தையும் ஒருதரம் உற்றுப் பார்த்தேன்.

நோட்டுப்பேரன்:
எங்கள் கதை தலைகீழ். 1934ல் காந்தி ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றியபோது தாத்தா 5 ரூபாய் கொடுத்து நோட்டில் வாங்கிய கையெழுத்து. கோடு நடுங்குகிறது, முடிவு சொல்ல இயலாது என்று நிபுணர் எழுதிவிட்டார். வலக்கை ஓய்ந்தால் இடக்கையால் எழுதுகிறவர் சார் அவர் என்றேன். ஆதாரம் இருக்கா என்றார். தாத்தா ரசீதா கேட்டிருப்பார்?

பழைய பேட்:
கையுறைக்காரன் அண்ணே, கோபிக்காதீங்க, தப்பு உங்கள்மேல்தான். என்னிடமும் ஒரு போலி பேட் இருக்கிறது, அதை விடுங்கள். விற்பவனே எழுதித் தரும் சான்றிதழ் வெறும் காகிதம். கடிதத்தில் அந்தப் பொருளின் படமே இருக்க வேண்டும், நம்பர் மட்டும் போதாது, நம்பரை யாரும் காப்பி அடிக்கலாம். பேனாவைப் பாருங்கள். ஷார்ப்பி மார்க்கர் பேனா வந்ததே 1964ல், மர்லின் மன்றோ இறந்தது 1962ல், ஷார்ப்பியில் அவர் கையெழுத்து என்றால் கிளம்பிவிடுங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவுக்கு உதவியாளர்களே போட்டுக் கொடுத்தது உண்டு. 1990களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ பிடித்த போலிக் கையெழுத்துக் கும்பலிடம் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் கிடைத்தது, அந்தச் சரக்கும் சான்றிதழோடுதான் விலை போனது. அதனால் இனி வாங்கும்போது முதலில்

கையுறைக்காரன்:
தம்பி, யோசனை யார் கேட்டது? அந்த பேட் கதையைச் சொல்லுங்கள்.