பேஸ்மென்ட் வெள்ளம், மானியம், மழைக் கட்டணம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கிங்ஸ்டன் ரோட் அண்ணா
2024 ஜூலை 16 மழை, டொராண்டோவின் டொன் வேலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மூழ்கிய நாள். எங்கள் பேஸ்மென்ட் தரைக்குழியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் தடுப்பு வால்வுக்கு அப்போது டொராண்டோ நகரசபை செலவில் 80 சதவீதம், 1,250 டொலர் வரை மானியம் தந்தது. அதை நம்பி, வால்வு பூட்ட ஒரு பிளம்பரைப் பிடித்தேன். "காசாத் தந்தா குறைச்சுச் செய்யலாம் அண்ணை" என்றார். ரசீதும் உரிம இலக்கமும் வேண்டும் என்று நின்றேன். விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த இலக்கம் வேறு யாருடையதோ. என்னிடமே பேனா வாங்கி, துளியும் யோசிக்காமல் அதை எழுதினாரே, அந்த முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

மிசிசாகா மலர்
உங்களுக்கு மானியமாவது இருக்கு. இங்கே மிசிசாகாவில் 2016 முதல் தண்ணீர் பில்லோடு மழைநீர்க் கட்டணம், வானிலிருந்து எடுத்த படத்தில் கூரையை அளந்து. முதல் பில் வந்த அன்று மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துத் திட்டினார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் வரைக்கும்.

நடா
மலர் அக்கா, மாமா திட்ட வேண்டியது வானத்தை இல்லை. டொராண்டோவில் மழைநீர்ச் செலவு தண்ணீர் பில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பைப்கூட இல்லாத கார் தரிப்பிடம் விழுகிற மழையை எல்லாம் வடிகாலுக்குத் தள்ளிவிட்டு ஒரு சதமும் கட்டாது, குளித்துத் துவைக்கிற நாங்கள் கட்டுகிறோம். உங்கள் ஊரில் கடைத்தொகுதிகள் சீமெந்துத் தரையின் அளவுக்குக் கட்ட வேண்டும், மழையை அங்கேயே தேக்கினால் கட்டணத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. இதைத்தான் 2024-இல் இங்கேயும் பேசினார்கள், 'மழை வரி' என்று ஊரே கத்த, நின்றுபோனது. கத்தினதில் என் தம்பியும் ஒருவன், மகளின் பிறந்தநாளில் கேக்கை வெட்டவிடாமல்!

சாந்தி
எங்களுக்குக் கரண்ட் போய், பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்ப் நின்றது, வாடகைக்கு இருந்த பிள்ளையின் புத்தகங்கள் முழுக்க நனைந்தன. அண்ணா, இனியாவது கேளுங்கோ: முதலில் கூரைப் பீலிக் குழாயை வடிகாலிலிருந்து கழற்றி முற்றத்துப் பக்கம் திருப்புங்கோ, அது இல்லாமல் மானியமும் இல்லை. பம்புக்கு பற்றரி வையுங்கோ. வேலை முடிந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேணும். அப்புறம், பெருமழையில் வால்வு மூடியிருக்கும்போது மேலே வோஷிங் மெஷின் போடாதேங்கோ, உங்கள் தண்ணீரே உங்கள் பேஸ்மென்ட்டுக்கு வரும்.

கிங்ஸ்டன் ரோட் அண்ணா
தங்கச்சி, பீலி எப்பவோ கழற்றியாச்சு. நான் சொன்னது அந்த ஆளைப் பற்றி. வால்வு நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதுதான் இன்னும் கோபம்.