வேர்வழி நச்சுமுறிப்பு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சிக்கொல்லி படிந்த நிலத்தைச் செடிகளையும் மண் நுண்ணுயிர்களையும் கொண்டு தூய்மையாக்கும் முறைக்குத் தமிழ்ப் பெயராக நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘தாவர மருத்துவம்’, ‘உயிரிவழிச் சீரமைப்பு’, ‘தாவரவழி மீட்பு’ ஆகிய மூன்று சொற்களையும் படித்தேன். முதலாவது மூலிகை வைத்தியத்தையே நினைவூட்டும் என்பதால் அதை விட்டுவிடலாம். ‘சீரமைப்பு’ என்பது களர் நிலத்தில் ஜிப்சம் இட்டுத் திருத்தும் வேலைக்கு வேளாண் துறையில் ஏற்கெனவே வழங்குகிறது. ‘மீட்பு’ பொதுப்பெயராக நிற்கத் தகுந்ததே; எனினும், அதன்கீழ் அடங்கும் இரு வேறு வினைகளுக்குத் தனித்தனிப் பெயர் இல்லாவிட்டால் குழப்பம் தீராது.

முதல் வினையில், செடி நஞ்சை மண்ணிலிருந்து எடுத்துத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மண்ணில் டி.டி.இ. என்னும் வேதிப்பொருளாக மாறிப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். பெரும்பாலான பயிர்கள் அதை மிகச் சிறிதளவே உறிஞ்சுகின்றன. சுக்கினி வகைப் பூசணியோ அதை வேரால் இழுத்துத் தண்டு வரை ஏற்றுவதை அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர். இங்கே நஞ்சு இடம் மாறுகிறதே தவிர அழிவதில்லை. அந்தக் கொடியை அறுத்து மாட்டுக்குப் போட்டால் நஞ்சு பாலில் வந்து சேரும். இவ்வினைக்கு ‘நச்செடுப்பு’ என்பது போதும்.

இரண்டாவது வினை வேரை ஒட்டிய மண்ணில் நடப்பது. வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கரிம அமிலங்களையும் உண்டு அங்கே பெருகும் நுண்ணுயிர்களுள் சில, நஞ்சின் மூலக்கூற்றையே பிளந்துவிடுகின்றன. டயசினான் என்னும் பூச்சிக்கொல்லி இட்ட பிலிப்பைன்ஸ் நெல்வயலின் நீரிலிருந்து பிரித்தெடுத்த ஃபிளேவோபாக்டீரியம் என்னும் பாக்டீரியம், டயசினானையும் பாராத்தியான் என்னும் மற்றொரு பூச்சிக்கொல்லியையும் நீராற்பகுப்பதை, அதாவது நீரின் துணையால் பிளப்பதை, 1973-இல் ஆய்வாளர்கள் சேதுநாதனும் யோஷிதாவும் வெளியிட்டனர். 1995-இல் விவரிக்கப்பட்ட சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்னும் பாக்டீரியம், களைக்கொல்லி சிந்திய மண்ணிலிருந்து கிடைத்தது. அது அட்ரசின் என்னும் களைக்கொல்லியின் மூலக்கூற்றிலுள்ள குளோரினை முதல் படியிலேயே கழற்றிவிடுவதால் களையைக் கொல்லும் தன்மை அப்போதே போய்விடுகிறது. எஞ்சிய நைட்ரஜன் அதற்கு உணவாகிறது.

இதற்கு ‘வேர்வழி நச்சுமுறிப்பு’ என்பதை முன்மொழிகிறேன். கிளையை முறிப்பதற்கும் விடத்தை முறிப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான் உள்ளது. பிளப்பதும் நஞ்சு நீங்குவதும் சேர்ந்தே நிகழும் இடத்தில் இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தென்படவில்லை. ‘விடமுறிப்பு’ என்றால் பாம்புக்கடியின் நினைவு முந்திக்கொள்ளும் என்பதால் ‘நச்சு’ என்றே வைத்தேன்.

வழக்கிலுள்ள ‘சிதைவு’ போதாதா என்று ஒருவர் கேட்கலாம். போதாது என்பதற்கு எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிக்கொல்லியே சான்று. கேரளத்துக் காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்ட இந்த நஞ்சை மண் நுண்ணுயிர்கள் இரு வழிகளில் மாற்றுகின்றன. ஆக்சிஜனேற்றம் நடந்தால் எண்டோசல்ஃபான் சல்ஃபேட் உருவாகும். அது தாய்ப்பொருளுக்கு நிகரான நச்சுத்தன்மையுடன் அதனினும் நீண்டகாலம் மண்ணில் கிடக்கும். நீராற்பகுப்பு நடந்தாலோ நச்சுத்தன்மை மிகக் குறைந்த ‘டையால்’ என்னும் பொருள் கிடைக்கும். இரண்டுமே சிதைவுதான், பின்னது மட்டுமே முறிப்பு. எண்டோசல்ஃபான் சிதைந்துவிட்டது என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினால், அந்த வரி பொய்யில்லாமலே நிலம் நஞ்சாக இருக்கக்கூடும். ஆகவே மூலக்கூறு மாறினாலே ‘சிதைவு’ என்றும், நச்சுத்தன்மை நீங்கியதைச் சோதித்து உறுதிசெய்த பின்னரே ‘முறிப்பு’ என்றும் எழுத வேண்டுகிறேன்.

காரீயம், காட்மியம் போன்ற தனிமங்களைப் பிளக்க எந்த உயிராலும் இயலாது. அவை சார்ந்த கட்டுரைகளில் ‘நச்சுமுறிப்பு’ வரலாகாது, ‘நச்செடுப்பு’ வரலாம்.

ஓரிடத்தில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. பாப்லர் மரம் அட்ரசினை உறிஞ்சி, தன் திசுக்களுக்குள்ளேயே நச்சுக் குறைந்த பொருள்களாக மாற்றுகிறது. எடுப்பும் முறிப்பும் ஒரே உடலில் நிகழும் இதற்குச் ‘செடியக நச்சுமுறிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘செடியகம்’ என்பது செடி வளர்க்கும் இடத்தைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. ‘உள்முறிப்பு’ எனச் சுருக்கினால் நஞ்சு விடுபட்டுப்போகிறது. தாவரவியல் பயின்றோர் இதற்கேற்ற சொல்லைத் தந்து உதவுங்கள்.