கொன்ஸ்தாபிளுக்கு ஓ.எல் போதுமா?

வாவிக்கரையான், மட்டக்களப்பு
இலங்கைப் பொலிசில் கொன்ஸ்தாபிளாகச் சேர ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை), உப பரிசோதகராகச் சேர ஏ.எல் (உயர்தரப் பரீட்சை). இதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம் ஓட்டுவது? கலிபோர்னியாவில் பொலிசாரின் தகுதியையும் பயிற்சியையும் தீர்மானிக்கவென்றே 1959இல் மாநில ஆணைக்குழு ஒன்று அமைத்தார்கள். அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணித்தியாலம். உளவியல் பரிசோதனையும் உண்டு. 2021இல் இரண்டு சட்டம் வந்தது. ஒன்று சேரும் வயதை 18இலிருந்து 21 ஆக்கியது. மற்றது, பாரதூரமான தவறு செய்தவரிடமிருந்து, பொலிசாக வேலை செய்வதற்கான சான்றிதழையே பறிக்க வழி செய்தது. நமக்கும் அப்படி ஒரு முறை வேண்டும். முதல் வேலையாகக் கொன்ஸ்தாபிளுக்கும் ஏ.எல் கேட்க வேண்டும்.

ஓய்வுச் சார்ஜன்ட், அக்கரைப்பற்று
தம்பி, அங்கே நகரத்துக்கு ஒரு பொலிஸ், கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒரு பொலிஸ். ஓரிடத்தில் துரத்தினால் அடுத்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான். அதை மறிக்கத்தான் அந்தச் சான்றிதழ். இங்கே நாடு முழுக்க ஒரே பொலிஸ், வேலை போனால் போனதுதான். போகாததுதான் பிரச்சினை, இடமாற்றத்தோடு கதை முடிந்துவிடும்.

ஏ.எல் கேட்டால் யார் வருவான்? நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை கல்வியியற் கல்லூரிக்குப் போகும், வங்கிக்குப் போகும், இல்லாவிட்டால் கட்டாருக்கு விமானம் ஏறும். ஏற்கெனவே தமிழ் பேசுகிற நம் ஆட்கள் விண்ணப்பம் போடுவதே குறைவு. அந்தக் கொஞ்சப் பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பப் போகிறீரா? இரவு பதினொரு மணிக்கு வெறியில் கத்தியோடு நிற்கிறவனைச் சமாளிக்க இரசாயனவியல் உதவாது.

களுவாஞ்சிகுடி டீச்சர்
இரண்டு பேரும் சான்றிதழைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் மாமி அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு, கிழக்கில் ஒரு நிலையத்துக்கு முறைப்பாடு போடப் போனா. நானும் கூடப் போனேன். மேசையில் இருந்த பெடியன் நல்ல பிள்ளை, கதிரையெல்லாம் இழுத்துப் போட்டான். அரைகுறைத் தமிழில் கேட்டுக் கேட்டு எழுதினான், எழுதியது முழுக்கச் சிங்களம். முடிந்ததும் கொப்பியைத் திருப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டினான். மாமி வைத்துவிட்டு வந்துட்டா. தொலைந்த அட்டை என்றால் பரவாயில்லை, காணிச் சண்டையாக இருந்தால்? ஒரு பெண்பிள்ளையின் முறைப்பாடாக இருந்தால்?

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 110ஆம் பிரிவைப் பாருங்கள். புலன்விசாரணையில் எழுதிய வாக்குமூலத்தை, அந்த மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், அவர் விளக்கவும் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும். இருமொழி தெரிந்தவர் 24 மணித்தியாலமும் நிலையத்தில் இருக்க வேண்டும் என்று போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே எழுதிவைத்துவிட்டது. ஓ.எல் போதுமா ஏ.எல் வேண்டுமா என்பதெல்லாம் பிறகு.

நானா, காத்தான்குடி
டீச்சர் சொல்வதுதான் சரி, ஆனால் நோய்க்கு மூலம் வேறு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பிரிவு, மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு எல்லாம் இருக்கிறது. தாளில் இருக்கிறது, தரையில் இல்லை. அதைத் தந்தால் கிழக்கில் தமிழ் தெரிந்தவனை நாமே எடுத்து, நாமே பழக்கலாம். கல்லடியில் பயிற்சிப் பாடசாலை ஏற்கெனவே இருக்கிறதே!

ஓய்வுச் சார்ஜன்ட்
எடுக்கலாம் நானா. கொழும்புக்குப் போகிற சிபாரிசுக் கடிதம் மாகாண சபை இருக்கிற திருகோணமலைக்குப் போகும், அவ்வளவுதான்.

வாவிக்கரையான்
நானா, 13ஐ முழுதாக வாசியுங்கள். ஆட்சேர்ப்புக்கும் பதவி உயர்வுக்கும் தரம் வைப்பது அதிலும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுதான், எல்லா மாகாணத்துக்கும் ஒரே தரம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆளை மாகாணம் எடுக்கும், அளவுகோல் கொழும்பில் இருக்கும். அதனால்தான் அளவுகோலை மாற்றச் சொல்கிறேன். அதிகாரம் வரும்வரை காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகளும் கொப்பியில் விளங்காமல் கையெழுத்து வைப்பார்கள்.

களுவாஞ்சிகுடி டீச்சர்
அப்போ அந்த அளவுகோலுக்குள் தமிழை வையுங்கள். கிழக்கில் வேலை செய்ய வருகிறவர் தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக் காட்ட வேண்டும், அதில் சித்தியடையாமல் பயிற்சி முடியக்கூடாது. சார்ஜன்ட் ஐயா, உங்கள் காலத்தில் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தார்களா?

ஓய்வுச் சார்ஜன்ட்
படிப்பித்தார்கள் டீச்சர். "பேர் என்ன, எங்க போறீங்க, லைசன் எடுங்க" வரைக்கும் வரும். வீதித்தடையில் நிற்க அது காணும். எழுத்து என்று வந்தால் ஆள் பேனையை என்னிடம் நீட்டிவிடுவான். நான் லீவில் போனால் அன்றைக்கு முறைப்பாடெல்லாம் சிங்களத்தில்தான்.

வாவிக்கரையான்
அதுதானே! தமிழில் எழுதத் தெரியாதவரை இங்கே முறைப்பாட்டு மேசையில் இருத்தக்கூடாது என்று ஒரு விதி போட்டால் என்ன?

ஓய்வுச் சார்ஜன்ட்
போடுங்கள். அந்த விதியோடு ஏ.எல்லும் கேட்டால் இரவில் மேசை வெறுமையாகத்தான் இருக்கும். முதலில் பெடியன்களை விண்ணப்பம் போட வையுங்கள்.