பொருள்: பழைய லாரிகளின் மின்சிக்கல்: 'இடைவிடு கோளாறு' என்னும் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய லாரிகளில் சில நேரம் தலைகாட்டிச் சில நேரம் மறைந்துவிடும் மின்சிக்கலுக்கு, நம் கையேட்டில் வைக்க ஒரு தமிழ்ச்சொல் தேடும் இம்மடல் இழையில் 'தற்காலிகப் பழுது', 'மறைபழுது', 'முறைப்பழுது', 'இடைவிட்ட பழுது' என நான்கு பெயர்கள் வந்துள்ளன. நான்கையும் ஒரு பட்டறை நிகழ்வோடு பொருத்திப் பார்க்கிறேன்.

நாமக்கல் பட்டறை ஒன்றுக்கு வந்த 24 வோல்ட் லாரியில், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முகப்பு விளக்குகளும் டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்தே மங்கின. வண்டியை நிறுத்தியதும் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. எலெக்ட்ரீஷியன் விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையைக் கேபினின் வெறும் இரும்பிலும் வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டிய அளவு, எர்த் பட்டையை (கேபினை வண்டியின் அடிச்சட்டத்தோடு, அதாவது சேசிஸோடு, இணைக்கும் பட்டையை) அசைத்தபோது 3 வோல்ட்டை நெருங்கியது. போல்ட்டைக் கழற்றினால், பட்டையின் வளையமுனைக்கு அடியில் பாதி பெயின்ட், பாதி பச்சைக் களிம்பு. கேபின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், மின்னோட்டம் அடிச்சட்டத்துக்குத் திரும்ப அந்தப் பட்டையைத்தான் நம்பியிருக்கிறது. 70 வாட் விளக்குகள் இரண்டு எரியும்போது ஏறத்தாழ 6 ஆம்பியர் ஓடுகிறது. அந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே ஏறத்தாழ 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

விளக்கு மங்குவதும் தெளிவதும் மாறி மாறி நடந்தன. களிம்பு மட்டும் வண்டி ஓடும்போதும் நிற்கும்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. விட்டுவிட்டு வருவது வெளியே தெரியும் விளைவு. அதற்கு அடியில் உள்ள சேதம் ஒரு நொடியும் விலகுவதில்லை. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், விளைவு மறைந்தவுடன் 'சரியாகிவிட்டது' என்று வண்டியை அனுப்பிவிடும் வழக்கத்துக்கு நம் சொல்லே துணைபோய்விடும். 'தற்காலிகப் பழுது' என்பதை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். 'மறைபழுது' சேதத்தைச் சரியாகச் சுட்டினாலும், விளைவு வந்துபோவதைச் சொல்லவில்லை. முறைக்காய்ச்சலை ஒட்டி வந்த 'முறைப்பழுது' அழகான சொல்தான். ஆனால் அந்தக் காய்ச்சல் நாள் கணக்குத் தப்பாமல் வருவது, இந்தச் சிக்கலோ குலுங்கலையும் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்து நேரங்கெட்டு வருவது.

தமிழில் பழுது, கோளாறு என்ற இரு சொற்கள் கைவசம் இருக்கின்றன. களிம்பேறிய இணைப்பு, பல புரிகளில் ஒன்றைத் தவிர மற்றவை அறுந்த ஒயர், விரிசல் கண்ட பற்றவைப்பு போன்ற பொருட்சேதத்துக்குப் 'பழுது' என்றும், அதனால் இயக்கத்தில் தோன்றும் பிசகுக்குக் 'கோளாறு' என்றும் நம் கையேட்டில் வரையறுத்துக்கொள்வோம். அப்போது நாம் தேடும் சொல் 'இடைவிடு கோளாறு' ஆகும். 'இடைவிட்ட' என்ற பெயரெச்சம் இறந்தகாலம் காட்டி, கோளாறு ஓய்ந்துபோனதோ என்ற ஐயத்தை எழுப்பும். 'இடைவிடு' வினைத்தொகையாக நின்று முக்காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'இடைவிடுக் கோளாறு' என்று எழுதிவிடக் கூடாது.

பட்டறையில் புழங்கும் 'லூஸ் கான்டாக்ட்' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பட்டறைச் சொல்லை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் அது காரணங்களுள் ஒன்றின் பெயர் மட்டுமே. சூடேறியதும் வேலைநிறுத்தம் செய்யும் ரிலேவும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மழையில் மட்டும் கசியும் கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் செருகி), காப்பு தேய்ந்து அடிச்சட்டத்தில் உரசும் ஒயரும் இதே கோளாற்றைத் தரும். சோதிக்கும் முன்பே காரணத்தைப் பெயரில் எழுதிவிட்டால், தேடல் குறுகிவிடும். ஒற்றைப் புரியில் தொங்கும் ஒயர் சுமையில்லாதபோது மீட்டரில் முழு வோல்ட்டையும் காட்டும். விளக்கைப் போட்டு, மின்னோட்டம் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே கையேட்டில் இச்சொல்லின் வரையறைக்கு அடுத்த வரியிலேயே 'சுமையோடு அளக்க' என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும்.

இன்னொன்றும் முடிவாக வேண்டும். 'எர்த்' என்பதற்குப் 'புவித்தொடுப்பு' என்று வரைவில் இருப்பது வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்தும். ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் லாரிக்குப் பொருந்தாது. இங்கே மின்னோட்டம் மண்ணுக்குப் போவதில்லை, அடிச்சட்டத்தின் வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது. 'அடிச்சட்ட மீள்வழி' என்று எழுதி, அருகில் 'எர்த்' என்ற வழக்குச் சொல்லையும் வைக்கலாம் என்பது என் பரிந்துரை. இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால், மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்.