வயலின் பெட்டிக்குள் கட்டிய கணினி: இருபது நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, உதவுங்கள்

கடைசிப்பூட்டு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரு வேலையில் இறங்கியிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்த நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தாத்தாவின் வயலின் பெட்டி வீட்டில் வெறுமனே கிடந்தது. வயலின் எப்போதோ உறவில் ஒருவரிடம் போய்விட்டது. பெட்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதற்குள்ளேயே ஒரு கணினி கட்டலாம் என்று ஆரம்பித்தேன்.

நீள்சதுர மரப்பெட்டி, உள்ளே நீல வெல்வெட். மூடியில் 10.1 அங்குலத் திரை, அதைச் சுற்றி வெல்வெட் ஒட்டிய சட்டம். வயலினின் உடல் உட்காரும் குழியில் ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு. வயலினுக்கு இடுப்பு குறுகும் இடத்தில் குழியும் 11 சென்டிமீட்டராகக் குறுகுகிறது. கீபோர்டின் அகலம் 10. தச்சர் அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. பலகைக்கு அடியில் 20000 எம்ஏஎச் பவர் பேங்க். தலைப்பக்கம், வில்லில் தடவும் பிசினான ரோசினை வைக்கும் சின்ன அறையில் ராஸ்பெர்ரி பை 4, அதாவது ஒரே சின்ன போர்டில் முழுக் கணினி.

மேஜையில் பரப்பி வைத்து மூன்று வாரம் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. பெட்டிக்குள் மாட்டிய நாளிலிருந்து பதினைந்து இருபது நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பென்டிரைவ் செருகினால் உடனே ஆகிறது. மூடியை அசைத்தால் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்ப வருகிறது. கீலைத் தாண்டிப் போகும் பட்டையான எச்டிஎம்ஐ கேபிள்தான் காரணம் என்று நினைத்து இரண்டு முறை மாற்றிவிட்டேன். பலனில்லை.

ஒரு வேண்டுகோள், பெட்டியின் வெளிப்பக்கத்தில் துளை போடாமல் முடிக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

வெயில்மானி

அருமையான யோசனை நண்பரே. எனக்கு முதலில் படுவது சூடு. ரோசின் அறை மூடி போட்ட சின்னக் குழி, சுற்றிலும் வெல்வெட், அதற்குப் பின்னால் ஃபோம். போர்வைக்குள் அடுப்பை வைத்ததுபோல. வெப்பநிலை எவ்வளவு வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செப்புக்கம்பி

சூட்டைக் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் இந்த ரீஸ்டார்ட்டுக்கு அது காரணமாக இருக்காது. பை 4 சூடானால் 80 டிகிரியிலிருந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மந்தமாகும், அணைந்து எழாது. பென்டிரைவ் செருகியவுடன் விழுகிறது என்றால் மின்சாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மேஜையில் ஓட்டியபோது எதிலிருந்து மின்சாரம் கொடுத்தீர்கள்? பெட்டிக்குள் எப்படிக் கொடுக்கிறீர்கள்? எந்த ஒயர், எவ்வளவு நீளம்? அப்புறம், திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா? மின்னழுத்தம் குறைந்தால் பை காட்டும் எச்சரிக்கை அது.

கடைசிப்பூட்டு

சார், மேஜையில் பைக்கு அதன் சொந்த அடாப்டர், திரைக்கு வேறொரு சார்ஜர். பெட்டிக்குள் இரண்டுக்கும் சேர்த்து பவர் பேங்கின் ஒரே யூஎஸ்பி துளை. அதிலிருந்து ஒரு ஒயர் தலைப்பக்கம் வந்து, அங்கே பைக்கும் திரைக்கும் இரண்டாகப் பிரிகிறது. வெல்வெட்டுக்கு அடியில் புடைக்காமல் போக வேண்டும் என்பதற்காக மெல்லிய ஒயராகப் பார்த்து எடுத்தேன். பழைய மவுஸ் கேபிளிலிருந்து உரித்தது. சுமார் 60 சென்டிமீட்டர்.

வெப்பநிலை ரோசின் அறை மூடியிருந்தால் 79, திறந்திருந்தால் 67. மின்னல் குறி ஒருமுறைகூட வரவில்லை.

செப்புக்கம்பி

மவுஸ் கேபிள் என்றதுமே பாதி புரிந்துவிட்டது. மவுஸுக்கு 100 மில்லி ஆம்பியர் போதும், அதனால் அதற்குள் பெரும்பாலும் 28 கேஜ் ஒயர்தான் இருக்கும் (கேஜ் எண் கூடக்கூட ஒயர் மெலியும்). இதை ஊகமாக விடாமல் அளந்துவிடுவோம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஒரு வீடியோவை ஓடவிட்டு, இரண்டு இடத்தில் அளக்கவும். ஒன்று பவர் பேங்கின் வாயில். இன்னொன்று பை போர்டில் முள்முள்ளாக நிற்கும் ஜிபிஐஓ வரிசையில் 4ஆம் முள்ளுக்கும் 6ஆம் முள்ளுக்கும் நடுவில். 4 ஐந்து வோல்ட், 6 கிரவுண்ட். மல்டிமீட்டரின் முனை வழுக்கிப் பக்கத்து முள்ளைத் தொட்டால் போர்டு போய்விடும், அதனால் முனையில் கொஞ்சம் இன்சுலேஷன் டேப் சுற்றி, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். வேலை நடக்காதபோது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பாரம் இருக்கும்போது அளப்பது முக்கியம்.

மின்னல் குறி வலது மேல் மூலையில் வரும். அந்த மூலையை நன்றாகப் பாருங்கள்.

தேன்சிட்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பவர் பேங்கை எடுத்துவிட்டு 18650 என்ற உருளை லித்தியம் செல் நான்கை வரிசையாக வைத்து, ஐந்து வோல்ட் மாற்றி போட்டால் ஒயர் தொல்லையே இருக்காதே? பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் செல் கிடைக்கும். நான் அப்படித்தான் ஒன்று செய்தேன்.

செப்புக்கம்பி

தம்பி, உங்களுக்குச் சரியாக வந்தது மகிழ்ச்சி, ஆனால் இந்தப் பெட்டிக்கு வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். சுற்றிலும் வெல்வெட், ஃபோம், மரம், எல்லாமே பற்றக்கூடியவை. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்காது. வரிசையாக இணைத்தால் பலவீனமான செல் முதலில் தாழ்வாக வடியும், சார்ஜில் அதுவே முதலில் எல்லையான 4.2 வோல்ட்டைத் தாண்டும். சமன்செய்யும் பாதுகாப்பு போர்டும் செல்லுக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் இல்லாமல் யாரும் செய்யக்கூடாது. அதெல்லாம் உள்ளேயே இருக்கும் நல்ல பவர் பேங்க் ஏற்கெனவே கையில் இருக்கிறது. குறை அதில் இல்லை, அதற்கும் பைக்கும் நடுவில் இருக்கிறது.

கடைசிப்பூட்டு

அளந்துவிட்டேன். பவர் பேங்கின் வாயில் 5.08. பையில் 4.56!

இன்னொன்று. நீங்கள் சொன்னதும் திரையின் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். வெல்வெட் சட்டத்தின் மூலைகளை வளைவாக வெட்டியிருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. அந்த வளைவு மறைத்த இடத்தில் மஞ்சள் மின்னல் எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் மாட்டியதிலிருந்து அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

பை வேகத்தைக் குறைத்திருக்கிறதா என்று காட்டும் த்ராட்டில் நிலையைக் கேட்கும் கட்டளையைக் கொடுத்தால் கடைசியில் 50005 என்று வருகிறது. இதற்கு என்ன பொருள்?

செப்புக்கம்பி

கடைசி 5 என்றால் இப்போது இந்த நொடியில் மின்னழுத்தம் குறைவு, அதனால் வேகமும் கட்டுப்படுத்தப்படுகிறது. முன்னால் இருக்கும் 5, அதே இரண்டும் பை எழுந்ததிலிருந்து ஒருமுறையாவது நடந்திருக்கிறது என்பதற்கு. மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை இதைப் பதிவு செய்யும். நீங்கள் 4.56இல் நிற்கிறீர்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள், பயம் தெளியும். 28 கேஜ் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். உங்கள் ஒயர் 60 சென்டிமீட்டர், ஆனால் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 1.2 மீட்டர். அது 0.25 ஓம். பையும் திரையும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே அரை வோல்ட் தொலைகிறது. 5.08இல் அரை போனால் 4.58. மீதி 0.02 வோல்ட் கனெக்டரில் போயிருக்கும். பென்டிரைவ் செருகும் நொடியில் இன்னும் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான், விழுந்துவிடும்.

தீர்வு இரண்டு. ஒயரைத் தடிமனாக்கவும், 20 கேஜ் சிலிக்கான் உறை போட்டது. அது மீட்டருக்கு 0.033 ஓம்தான். தடிமனாக இருந்தாலும் நன்றாக வளையும். அடுத்தது, நீளத்தைக் குறையுங்கள். வயலினின் கழுத்து கிடக்கும் வாய்க்காலில் பவர் பேங்க் போகாதா?

கடைசிப்பூட்டு

வாய்க்காலை அளந்தேன். பவர் பேங்க் 7 சென்டிமீட்டர் அகலம், இடம் 8 இருக்கிறது. போகும்! இவ்வளவு நாள் அந்த இடத்தை மவுஸுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். ஒயர் வரட்டும், மாற்றிவிட்டு எழுதுகிறேன்.

வெயில்மானி

செப்புக்கம்பி சார் சொன்னதுதான் சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 79 டிகிரி விளிம்பில் நிற்கிறது, அதையும் விடாதீர்கள். வெளியே துளை வேண்டாம் என்றால் ரோசின் அறையின் மூடிக்குப் பதில் ஒரு அலுமினியத் தகடு போடுங்கள். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட். திறந்து வைத்துத்தானே வேலை செய்யப்போகிறீர்கள், சூடு மேலே அறைக்காற்றில் கலந்துவிடும்.

கடைசிப்பூட்டு

ஒரு வாரம் கழித்து வருகிறேன். புது ஒயர், 25 சென்டிமீட்டர். அதே வீடியோ, அதே வெளிச்சம், பையில் 5.01 வோல்ட். பென்டிரைவை ஐந்தாறு முறை செருகி எடுத்தேன், அசையவில்லை. தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓடியது. நிலைக் கட்டளை வெறும் பூஜ்யம் காட்டுகிறது. செப்புக்கம்பி சாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அலுமினியத் தகடும் போட்டேன். 64 டிகிரி. ஆனால் தகடு போட்டதிலிருந்து வைஃபை அரைகுறையாக வருகிறது. பக்கத்து அறைக்குப் போனால் விட்டுப்போகிறது. மூடியை அசைத்தால் திரை கறுப்பதும் அப்படியே இருக்கிறது. ஆக அது தனிப் பிரச்சினை போல.

வெயில்மானி

வைஃபைக்கு நான்தான் பொறுப்பு. பை 4இல் ஆண்டெனா போர்டிலேயே இருக்கிறது, யூஎஸ்பி துளைகளுக்கு எதிர்முனையில் ஒரு மூலையில். அதன்மேல் உலோகம் வந்தால் அலை வெளியே போக வழியில்லை. தகட்டின் அந்த மூலையை மூன்று சென்டிமீட்டருக்கு வெட்டி எடுத்துவிட்டு, அங்கே பழைய மர மூடியின் துண்டை வையுங்கள். மரத்தை வைஃபை தாண்டிவிடும்.

பலகைக்கீல்

இந்த மூடி விஷயத்துக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கேபிள் கீலை நேர்க்குறுக்காகத் தாண்டுகிறதா? அப்படியானால் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஒரே கோட்டில் மடிகிறது. பட்டைக் கேபிளில் கம்பிகள் மிக மெல்லியவை, ஒரே இடத்தில் மடிந்துகொண்டே இருந்தால் எந்தக் கேபிளும் நிற்காது. நீங்கள் இரண்டு முறை மாற்றியும் அதே இடத்தில்தான் மடித்திருப்பீர்கள்.

கேபிளைக் கீலின் அச்சோடு இணையாக எட்டு பத்து சென்டிமீட்டர் ஓடவிடுங்கள். பெட்டிப் பக்கம் ஒரு முனையில் கிளிப், மூடிப் பக்கம் மறுமுனையில் கிளிப். இப்போது மூடி திறந்தால் கேபிள் மடியாது, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முழு நீளத்துக்கும் பரவுவதால் ஓர் இடத்தில் அழுத்தம் சேராது. பட்டையை விட உருண்டையான மெல்லிய எச்டிஎம்ஐ கேபிள் இதற்கு நல்லது. வயலின் பெட்டியில் கீல் பக்கம் நீளமாக இருப்பது உங்களுக்கு வசதிதான், இடத்துக்குப் பஞ்சமில்லை.

தேன்சிட்டு

எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது? 20000ஐ 2000ஆல் வகுத்தால் பத்து மணி நேரம் வர வேண்டுமே?

செப்புக்கம்பி

அந்த 20000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் எழுதிய கணக்கு. ஆற்றலாகப் பார்த்தால் 74 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது பத்து பதினைந்து சதவீதம் சூடாகப் போகும், மீதி 63 என்று வையுங்கள். 10 வாட் பாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் நல்ல பவர் பேங்க்.

கடைசிப்பூட்டு

5 மணி 40 நிமிடம் வந்தது, முழு வெளிச்சத்தில்.

வைஃபை சரியாகிவிட்டது. பழைய மர மூடியிலிருந்து அறுத்த முக்கோணத் துண்டு, தகட்டின் மூலையில் பொருந்தி நிற்கிறது. கேபிளையும் பலகைக்கீல் அண்ணா சொன்னபடி கீலோடு இணையாக விட்டேன். நூறு முறை திறந்து மூடி எண்ணிப் பார்த்தேன், திரை ஒருமுறையும் கறுக்கவில்லை. பழைய கேபிளை மடித்த இடத்தில் உரித்துப் பார்த்தால் உள்ளே முடிபோன்ற இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன.

எடை 3.4 கிலோ. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1, தூக்கிப்போகும் கணினி என்றே விற்கப்பட்டது, அது சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், உள்ளே பேட்டரியும் கிடையாது. அதைப் படித்தபிறகு என் பெட்டியின் கைப்பிடியைத் தூக்கும்போது தனி உற்சாகம் வருகிறது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் பேங்கைச் சார்ஜரில் செருகினால் பை அணைந்து எழுகிறது. இதுவும் ஒயரா?

செப்புக்கம்பி

இது ஒயர் இல்லை. பல பவர் பேங்குகள் சார்ஜர் செருகும் நொடியிலும் எடுக்கும் நொடியிலும் வெளியீட்டை ஒரு கணம் துண்டித்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும். ஃபோனுக்கு அது தெரியாது, அதற்குச் சொந்த பேட்டரி உண்டு. பைக்கு அந்த ஒரு கணமே போதும். அடிக்கடி நடந்தால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பும் கெடும். துண்டிக்காமல் மாறும் வகை என்று குறிப்பிட்டிருக்கும் பவர் பேங்கைப் பிற்பாடு பார்த்து வாங்குங்கள். அதுவரை முறையாக அணைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மூடியில் சின்னக் காந்தமும் பெட்டி விளிம்பில், காந்தம் அருகே வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் வைத்தால், மூடியைச் சாத்தியதுமே பை தானாக முறைப்படி அணையும்படி செய்யலாம். வெல்வெட்டுக்கு அடியில் இரண்டும் மறைந்துவிடும், துளையும் வேண்டாம்.

கடைசிப்பூட்டு

ரீட் சுவிட்ச் இன்றைக்கே தேடுகிறேன். வெல்வெட் சட்டத்தின் வலது மேல் மூலையையும் நேராக வெட்டிவிட்டேன் சார். மற்ற மூன்றும் வளைவாகவே இருக்கட்டும்.